பள்ளிக்கூடம் பக்கம்தான், சாலைதான் தூரம்

டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கி அம்பத்தூரை சைக்கிள் ஊராக்கியது. 1961இல் ஆவடிக்கு டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. சங்கு ஊதி ஷிப்ட் விட்டால் சாலை கொள்ளாமல் சைக்கிள்கள் வரும். அவற்றின் ஓரமாகவே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடப்பார்கள். ஏழு வயதுப் பயல்மேல் சைக்கிள் இடித்தால் முட்டி தேயும், ஓட்டியவர் நாலு வசவு வாங்கிக்கொண்டு போவார். லாரியும் பஸ்ஸும் அன்றும் பிள்ளைகளை அடித்தன. பூந்தமல்லி நெடுஞ்சாலை எந்தக் காலத்திலும் சாது இல்லை. ஆனால் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே சாலையைக் கடக்க நேரம் கிடைத்தது.

பள்ளி நடை தூரத்தில் இருக்க வேண்டும் என்பது காமராஜர் ஆட்சியின் கணக்கு: ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி. அந்தக் கணக்கை அரசு இன்னும் விடவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தனியார் பள்ளியில் கட்டணமில்லா இடம் கேட்டாலும் வீடு அதே ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தூரத்தை அளந்தவர்கள், நடுவில் கிடக்கும் சாலையை அளக்கவில்லை.

காலை எட்டரை மணிக்கு அம்பத்தூர் ஓ.டி.யிலோ திருமுல்லைவாயலிலோ சி.டி.எச். எனப்படும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையின் ஓரம் நின்று பாருங்கள். நடைபாதை என்பது பல இடங்களில் மழைநீர் வடிகாலின் மூடிதான். அதன்மேல் டிரான்ஸ்பார்மர், டிபன் கடை, வரிசையாக பைக்குகள். பிள்ளை சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். ஷேர் ஆட்டோ சட்டென்று ஓரம் ஒடித்து நிற்கிறது, பின்னால் வந்த பைக் அதைச் சுற்றிக்கொண்டு பறக்கிறது, யூ-டர்ன் வரை போகச் சோம்பல்பட்ட இன்னொரு பைக் எதிரே வருகிறது. பூந்தமல்லிப் பக்கம் மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்புகள் இருந்த ஓரத்தையும் பல ஆண்டுகள் தின்றன.

ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் நான்கடிக்கும் குறைவு. நிறுத்திவைத்த லோடு ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு வண்டி தெரியாது, வண்டிக்காரருக்குப் பிள்ளை தெரியாது. தெரிந்தாலும் போதாது. மணிக்கு 32 கி.மீ.க்கு மேல் வரும் வண்டியின் வேகத்தைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் கண்ணால் நம்பகமாகக் கணிக்க முடியவில்லை என்று லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். ‘பார்த்துப் போடா’ என்று நாம் சொல்லி அனுப்புவது அந்தக் கண்களிடம்தான்.

2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது; பள்ளி வாகனங்களுக்கென்று சிறப்பு விதிகள் அந்த ஆண்டே வந்தன. 2022 மார்ச்சில் ஆழ்வார்திருநகரில், வேனை விட்டு இறங்கிய சிறுவன் பள்ளி வளாகத்துக்குள்ளேயே அந்த வேனில் அடிபட்டு இறந்தான். பள்ளி வாகனங்களில் கேமராவும் சென்சாரும் கட்டாயமாயின. இரண்டும் வேண்டிய விதிகளே. ஆனால் இரண்டும் வேனைப் பற்றியவை. வேனே ஏறாமல் சாலையைக் கடக்கிற பிள்ளைக்காக இப்படி ஒரு விதி பிறக்கவில்லை. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 32,825 பாதசாரிகள் இறந்தார்கள்.

பயந்த பெற்றோர் பிள்ளைகளை நடையிலிருந்து எடுத்து வேனிலும் ஸ்கூட்டரிலும் ஏற்றிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த வேன்களும் ஸ்கூட்டர்களும் சேர்ந்துதான் இப்போது பள்ளி வாசலை அடைக்கின்றன. இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளர் இதைக் கணக்கெடுத்தார்: ஏழு, எட்டு வயதில் தனியாகப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் 1971இல் நூற்றுக்கு 80; 1990இல் 9. சாலைச் சாவு குறைந்ததாக அரசு பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, குறைந்தது சாலையின் ஆபத்து அல்ல, சாலையில் இருக்கும் பிள்ளைகள்தான் என்றார் அவர். அதே 1971இல் நெதர்லாந்தில் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்தார்கள். அங்கே பெற்றோர் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். போராட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயரே ‘குழந்தைக் கொலையை நிறுத்து’. பிள்ளையைச் சாலையிலிருந்து எடுக்காமல், வண்டியின் வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள்.

நாம் யோசித்துத் தேர்ந்தெடுக்காமலேயே இங்கிலாந்து வழியில் போய்விட்டோம். அதுவும் காசு உள்ளவர்கள் மட்டும். வேன் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளும், தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் இன்னும் நடந்துதான் அரசுப் பள்ளிக்குப் போகிறார்கள்.

அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை மாநகராட்சி 2014இல் ஏற்றது. அதன் பெயர் சொல்லும் நடைபாதை 2019இல் தி.நகர் பாண்டி பஜாரில் திறக்கப்பட்டது. அங்கே பிள்ளைகள் துணிக்கடைக்கு நடக்கலாம். இங்கே பள்ளிக்கு நடக்கும் பாதையில் சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, கம்பம் மின்வாரியத்துக்கு, சிக்னல் போலீஸுக்கு. பிள்ளை யாருக்கு என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

சி.டி.எச். சாலையை ஆறு வழியாக்கும் பேச்சு பல ஆண்டுகளாக இருக்கிறது. அகலப்படுத்தத்தான் வேண்டும், நெரிசலில் ஆம்புலன்ஸும் நகர முடிவதில்லை. ஆனால் ஆறு வழி என்றால் குறைந்தது 21 மீட்டர், மீடியன் தனி. நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் சின்னக் காலுக்கு இருபது நொடிக்கு மேல் ஆகும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த இருபது நொடியில் 330 மீட்டர் கடந்துவிடும். வரைபடம் போடும்போதே ஒவ்வொரு பள்ளிக்கு எதிரிலும் சிக்னலோடு கடவைக் கோடும், நடுவில் நின்று மூச்சு வாங்க இடமும், வண்டியை முப்பதுக்கு இறக்கும் மேடும் வைத்தால் செலவு சொற்பம். சாலை போட்டு முடித்தபின் அதே இடத்தில் நடைமேம்பாலம் கட்டுவார்கள். புத்தகப் பையோடு அத்தனை படி ஏறி இறங்க எந்த ஏழு வயதுப் பிள்ளையும் விரும்பாது, மீடியன் கம்பிக்குள் புகுந்து ஓடும்.