கூழாகும் பாசியும் இனிப்புநீரும்

மலேசியாவின் பூச்சோங்கில் உள்ள சீன மருந்துக் கடைகளில் பிளாஸ்டிக் பையில் கட்டிய கடல்பாசி கிடைக்கும். கொடிகொடியாகச் சுருண்டு, மேலே உப்புப் பூத்து, பார்ப்பதற்குக் காய்ந்த வேர் மாதிரி இருக்கும். பெரும்பாலும் சபாவின் செம்பூர்ணா கடலில் கயிற்றில் கட்டி வளர்த்து, வெயிலில் உலர்த்திய கப்பாபைகஸ் என்ற பாசி அது. இராமநாதபுரம் கடற்கரையிலும் இதையே மிதவை கட்டி வளர்க்கிறார்கள்.

ஒரு பிடி எடுத்து, உப்புப் போக நாலைந்து முறை தண்ணீரில் அலசி, இரவு ஊறப்போடுங்கள். காலையில் அது பருத்து, உள்ளே வெளிச்சம் தெரியும் அளவுக்கு வழவழப்பாகக் கிடக்கும். கொதிக்கவிட்டால் கரையும், ஆறினால் இறுகும். ரத்தத்தில் சர்க்கரையையும் கொழுப்பையும் குறைக்கும் என்று இந்தப் பாசியைப் பற்றிப் பேசப்படுவதில் பெரும்பகுதி இந்தக் கூழைச் சார்ந்ததுதான்.

நாம் உண்ணும் சோறும் ரொட்டி சானாயும் சிறுகுடலில் குளுக்கோஸாக உடைந்து, குடல்சுவர் வழியே ரத்தத்தில் சேர்கின்றன. இந்தக் கூழைப் போன்ற கரையும் நார்ச்சத்து உடன் இருந்தால் உணவுக்கலவை கெட்டியாகிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகும். நொதிகள் மாவுச்சத்தைத் தேடிப் பிடிக்க நேரமாகும். உடைந்த சர்க்கரையும் சுவரை அடையத் தாமதிக்கும். மொத்தச் சர்க்கரை பெரிதாகக் குறைவதில்லை, ஆனால் சாப்பிட்டதும் விர்ரென்று ஏறாமல் நிதானமாக ஏறும். கணையத்துக்கு அந்த அவகாசம் பெரிய உதவி. கொழுப்பில் வேலை வேறுமாதிரி. கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களைக் கூழ் பிடித்து வெளியே கொண்டுபோய்விடுகிறது. புதிய பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுக்க வேண்டியிருக்கிறது.

பூச்சோங்குக்குப் பக்கத்திலேயே, செர்டாங்கில் இருக்கும் புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சபாப் பாசிகளை எலிகளில் சோதித்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கொழுப்பு மிகுந்த தீனியில் 5 விழுக்காடு பாசித்தூள் கலந்து 16 வாரம் கொடுத்ததில், கெட்ட கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் குறைந்தன. ஆனால் அந்த 5 விழுக்காட்டை நினைவில் வையுங்கள். தினம் அரைக் கிலோ உலர் உணவு சாப்பிடும் மனிதருக்கு அது 25 கிராம் பாசி.

அளவுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வெந்தயத்திலும் இதே மாதிரி கூழாகும் நார்ச்சத்து உண்டு. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1990இல் வெளியிட்ட வெந்தய ஆய்வில் சர்க்கரையும் கொழுப்பும் இறங்கியது உண்மை. அதில் நோயாளிகளுக்குக் கொடுத்தது நாளுக்கு 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயத்தூள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி வெந்தயத் தண்ணீர் குடித்துவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஓட்ஸுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் அனுமதித்த இதயநல வாசகமும் அதன் கரையும் நார்ச்சத்தான பீட்டா குளுக்கன் நாளுக்கு 3 கிராம் என்ற அளவோடுதான் வந்தது. அரை கிராம் பாசித்தூள் அடைத்த மாத்திரையில் கூழ் எங்கிருந்து வரும்?

கூழைச் சாராத வழி ஒன்றும் உண்டு. பழுப்புப் பாசிகளில் உள்ள பாலிஃபீனால்கள் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளையே தடுக்கக்கூடியவை. அவற்றைப் பிரித்தெடுத்துச் சிறிய அளவில் கொடுக்கலாம். கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நீரிழிவுக்கென்று கடல்பாசிச் சாறு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. அந்த வழி மருந்துக்கு நெருக்கமானது. சமையலறைப் பாசியோடு அதைக் குழப்பக்கூடாது.

மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே பத்தில் மூவருக்கு மேல். இனிப்புநீர் பற்றிய பயத்தை நம்பித்தான் கண்ட பவுடரும் விற்கப்படுகிறது. நீரிழிவைக் குணமாக்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. பாரம்பரிய மருந்தின் பெட்டியில் 'எம்ஏஎல்' எண் இருக்க வேண்டும். இருந்தாலும் பாதுகாப்பும் தரமும் பார்க்கப்பட்டன என்றுதான் பொருள். சர்க்கரை குறையும் என்பதற்கு அது சான்றல்ல.

பாசியை உணவாகவே சாப்பிடலாம். ஆனால் தீபாவளித் திறந்த இல்லத்து அகார் அகாரில் தேங்காய்ப்பாலும் குலா மலாக்கா வெல்லமும் போட்டபின் பாசிக்கு வேலை மிச்சமில்லை. ஊறிய பாசியை வெள்ளரி, வெங்காயம், எலுமிச்சைச் சாறு, பச்சைமிளகாயோடு கலந்து, சோற்றுடனேயே சாப்பிட வேண்டும். கூழும் மாவுச்சத்தும் வயிற்றில் ஒன்றாகச் சந்தித்தால்தான் பலன். வல்லாரை உலாம், வெண்டைக்காய், பருப்பு எல்லாம் இதே நார்ச்சத்துக் கூட்டம். தட்டில் இவை கூடும்போது சோறு தானாகக் குறைவது இன்னொரு லாபம். தைராய்டு தொல்லை உள்ளவர்கள் ‘கொம்பு’ (kombu) முதலிய பழுப்புப் பாசிகளிலிருந்து விலகியே இருக்கவேண்டும், அயோடின் மிக அதிகம். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் வெந்தயத்தையோ பாசியையோ அதிக அளவில் தொடங்குமுன் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். மாத்திரையின் அளவை டாக்டர் மாற்ற வேண்டி வரலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள்.