குருத்தணுச் சுரப்புகளும் எலும்புத் தேய்மானமும்: அறிய வேண்டியவை

நாள்பட்ட அழற்சி, எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களைத் தூண்டுகிறது. ஈறுநோயில் தாடை எலும்பும், முடக்குவாதத்தில் மூட்டு எலும்பும் தேய்வதற்கு இதுவே முக்கியக் காரணம். குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்) சுரக்கும் புரதங்களும் நுண்குமிழ்களும் இவ்வழற்சியைத் தணித்து, எலும்பு இழப்பைக் குறைப்பது விலங்கு ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. மனிதர்களில் ஆய்வுகள் தொடக்க நிலையிலேயே உள்ளன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி, இரத்த நோய்கள் முதலிய ஏற்கப்பட்ட நோய்களுக்கான இரத்தக் குருத்தணு மாற்றம் தவிர, பிற குருத்தணுச் சிகிச்சைகள் அனுமதி பெற்ற ஆய்வுகளில் மட்டுமே மேற்கொள்ளப்பட வேண்டும். எனவே, 'எலும்பு வளர ஸ்டெம் செல் ஊசி' எனக் கட்டணம் கோரினால் ஏற்க வேண்டாம். மருத்துவர் பரிந்துரைத்த மருந்துகளைத் தாமாக நிறுத்த வேண்டாம். ஈறில் இரத்தம் கசிந்தாலோ, பல் ஆடினாலோ, அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவை உடனே அணுகவும்.