வத்திராயிருப்புக் கிருஷ்ணனும் ராமன் கருவியும்

மதுரைச் சமவெளியின் தென்மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்திலே வத்திராயிருப்பு என்னும் ஊர் உளது. 1898-ம் வருஷம் அங்கே பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் பயின்றவர் கே. எஸ். கிருஷ்ணன். 1928-ம் வருஷம் கல்கத்தாவில் ஸி. வி. ராமனுடன் இருந்து, ‘ராமன் விளைவு’ வெளிப்படக் கைகொடுத்தவர் அவரே.

அவ்விருவரிடமும் இருந்த கருவிகள் யாவை? சூரிய ஒளியைக் குவிக்க 7 அங்குலத் தூரதர்சினி ஒன்று. வர்ணக் கண்ணாடிகள் சில. பின்னர் ஒரு பாதரஸ விளக்கும் ஒரு சிறு நிறமாலை காட்டியும். யாவும் 200 ரூபாய்க்குள் அடங்கின என்பர்.

ஒரே நிற ஒளியை ஒரு பொருளின்மீது செலுத்தினால், சிதறும் ஒளியில் ஏறக்குறையக் கோடியில் ஒரு பங்கு நிறம் மாறி வெளிவருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது, அப்பொருளிலுள்ள அணுக்கள் அதிரும் விதத்தைப் பொறுத்தது. வைரமும் பென்சிற் கரியும் ஒரே கார்பன்தான். எனினும் ஒளி சொல்லும் சாட்சியம் வேறு வேறு. நீதிமன்றத்தில் நாம் கண்ட சாட்சிகள் பலரைப் போல இது பிறழ்வதுமில்லை. ஆகவேதான் புதுப்பொருள்களை ஆராயும் ரஸாயனச் சாலைகளில் ராமன் கருவிக்கு இன்று தனியிடம் உண்டு. 1960-ல் லேஸர் தோன்றிய பின், பாதரஸ விளக்கின் வேலையை அது ஏற்றது.

ஆனால் அக்கருவி இன்று பெரும்பாலும் ஜப்பானிலிருந்தும், ஜெர்மனியிலிருந்தும், பிரிட்டனிலிருந்தும் வருகிறது. விலை பல லக்ஷம். சிலவற்றுக்குக் கோடியும் போதாது. விலையைவிட நம்மை வருத்துவது அதன் மூடிய பெட்டி. உள்ளே ஒரு பாகம் கெட்டால், கடல் கடந்து மாற்றுப் பாகம் வரும்வரை மாணவனுடைய ஆராய்ச்சி நிற்கும். பொத்தானை அழுத்தக் கற்ற அவனுக்குப் பெட்டியைத் திறக்க உரிமையில்லை. டாக்கா சர்வகலாசாலைக்குச் சென்ற கிருஷ்ணனோ, மெல்லிய குவார்ட்ஸ் இழையிற் படிகத்தைத் தொங்கவிட்டு, அதன் காந்த குணத்தை அளக்கும் முறையைத் தாமே வகுத்தார்.

அந்நியக் கருவியைப் பகிஷ்கரிக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. நுட்பமான வேலைக்கு நுட்பமான கருவி வேண்டியதே. அதனருகே ஒரு கடைசல் யந்திரமும், கண்ணாடி ஊதத் தெரிந்த ஒரு தொழிலாளியும் இருக்கட்டும் என்கிறோம். பச்சை லேஸர், ஒளியைப் பிரிக்கும் கீற்றுத் தகடு, ஒரு காமிரா இவற்றைக்கொண்டு எளிய ராமன் கருவியொன்றை மாணவரே கட்டலாம். நாகமலைப் பக்கத்துக் காமராஜர் சர்வகலாசாலைக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் வத்திராயிருப்புப் பிள்ளையும் இருக்கக்கூடும் அன்றோ?

பெரிய கருவி வாங்கும்போது, உதிரிப் பாகமும், உள்ளமைப்புப் படமும், பழுதுபார்க்கும் பயிற்சியும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். கையொப்பமிடுமுன் எந்தச் சர்வகலாசாலையார் அதனைக் கொணர்ந்தாலும், கட்டணமின்றிப் படித்துப் பார்த்துத் தர நாம் சித்தமாயிருக்கிறோம்.