களை மெஷினுக்குப் பழைய இன்ஜின் வாங்கும் முன்



நம் குழுக்கள் சிலவற்றில் பவர் வீடர் என்கிற களை எடுக்கும் மெஷினை வாங்கி வாடகைக்கு விடுகிறோம். ஓடுகிற வரைக்கும் கவலை இல்லை. இன்ஜின் போய்விட்டால் புதுசு வாங்குவதா, பழையது வாங்கி மாட்டுவதா என்று கேள்வி வரும். எங்கள் குழுவுக்கு அது வந்தது. நாங்கள் பட்டதையும் தெரிந்துகொண்டதையும் சொல்கிறோம்.

பருத்திக் காட்டில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் டமார் என்று ஒரு சத்தம் போட்டு நின்னு போச்சு. கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. இன்ஜின் பக்கவாட்டில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை. அன்றைக்கு மெஷின் ஓட்டிய உறுப்பினர் மேல்தான் எல்லோர் கண்ணும் போனது. "அவங்கதானே ஓட்டினாங்க, அவங்க பேரில் கடனாக எழுதுங்க" என்று வாரக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சொன்னோம். அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. நல்லவேளையாக, இன்ஜினைப் பிரித்துப் பார்த்த பிறகு தீர்மானம் எழுதலாம் என்று பிரதிநிதி சொல்லிவிட்டார்.

பிரித்ததும் விஷயம் தெரிந்தது. இந்த மாதிரி சின்ன பெட்ரோல் இன்ஜின் பலவற்றில் ஆயில் பம்பு கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் சின்ன கரண்டி மாதிரி ஒன்று இருக்கும். அது சுற்றும்போது அடியில் கிடக்கும் ஆயிலை அள்ளி மேலே தெளிக்கும். ஆயில் குறைந்தால் கரண்டிக்கு எட்டாது. ராடு சூடேறிப் பிடித்து, உடைந்து, பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். எங்கள் இன்ஜினுக்குச் சுமார் 600 மில்லி ஆயில் வேண்டும். உள்ளே இருந்தது ஒரு டீ டம்ளர் அளவுகூட இல்லை.

ஆயில் குறைந்தால் இன்ஜின் தானாக நிற்பதற்கு இதில் ஒரு சென்சார் உண்டு. அப்புறம் ஏன் நிற்கவில்லை? அந்த சென்சார் வயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். வரப்புச் சரிவில் மெஷின் சாய்ந்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், சென்சார் இன்ஜினை நிறுத்திவிடும். அப்படி அடிக்கடி நிற்கிறது என்று முன்பு ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். "சரி பண்ணியாச்சு" என்று கொடுத்தார்கள். பண்ணியது இதுதான். ஓட்டிய சகோதரிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. எங்கள் நோட்டில் பெட்ரோல் கணக்கு பைசா சுத்தமாக இருந்தது. ஆயிலுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. அவர் பேரில் கடன் எழுதும் பேச்சு அன்றோடு நின்றது.

இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வேறு இன்ஜின் மாட்டியிருந்தால், மெக்கானிக் அந்த வயரை இருந்தபடியே விட்டிருப்பார். இரண்டாவதும் அதே காட்டில் போயிருக்கும். அதனால் பழைய இன்ஜின் தேடும் முன், இருந்தது ஏன் செத்தது என்று கேளுங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காக இன்ஜினையே மாற்ற வேண்டாம். பிளக், கார்புரேட்டர் அடைப்பு, ஏர் பில்டர் தூசி எல்லாம் சின்ன செலவு. நீலப் புகை மட்டும் என்றால் ரிங் மாற்றினாலே பெரும்பாலும் தீரும். பிளாக்கில் ஓட்டை விழுந்தால்தான் மாற்றும் பேச்சு.

நாங்கள் மூன்று இடம் போனோம். முதல் இடத்தில் போகும்போதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "பாருங்கம்மா, எப்படி ஓடுது" என்றார். எங்களோடு வந்த மெக்கானிக் அண்ணன் திரும்பி நடந்துவிட்டார். சூடான இன்ஜின் எதுவும் நன்றாகத்தான் ஓடும். ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் ஆகிறதா என்றுதான் பார்க்கணும். போனில் பேசும்போதே "நாங்க வரும் வரைக்கும் ஓட்டாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் கையால் தொட்டுப் பாருங்கள்.

இரண்டாவது இடத்தில் விலை குறைவு. ஆனால் அது மண்ணெண்ணெயில் ஓடிய பம்புசெட் இன்ஜின். அதில் அழுத்தம் குறைவு, மண்ணில் இழுக்கத் திணறும். சாஃப்ட்டும் மரை போட்டது, நம் புல்லி ஏறாது.

சாஃப்ட் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சில இன்ஜினில் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். சிலதில் 20 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 19.05 புல்லி 20 சாஃப்ட்டில் ஏறாது. 20 புல்லியைச் சின்ன சாஃப்ட்டில் மாட்டினால் ஆடி ஆடிச் சாவி வெட்டிப் போகும். பழைய புல்லியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். அடித்தட்டின் நான்கு போல்ட் ஓட்டைகளையும் ஒரு அட்டையில் குறித்து எடுத்துப் போங்கள். அட்டை பேசாது, பொய்யும் சொல்லாது.

மூன்றாவது இடத்தில் மருந்து அடிக்கும் பெரிய ஸ்பிரேயரில் ஓடிய இன்ஜின். அங்கே பார்த்ததைச் சொல்கிறோம். கயிற்றை மெதுவாக இழுத்தோம். ஒரு இடத்தில் இறுகிப் பிடித்தது. லொடலொடவென்று வந்திருந்தால் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். சாஃப்ட்டை மேலும் கீழும் அசைத்தோம். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கும். ஆயில் குச்சியை வெள்ளைத் துணியில் துடைத்தோம். பால் மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஜிகினா மாதிரி மின்னினால் உள்ளே உலோகம் தேய்கிறது. பெட்ரோல் வாசனை அடித்தால் கார்புரேட்டர் ஒழுகுகிறது. ஆயில் கருப்பாக இருந்தது, அது பரவாயில்லை, மாற்றாமல் விட்டதுதான். மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. இருபது நிமிடம் ஸ்பிரேயரோடு சேர்த்தே ஓடவிட்டோம். நீலப் புகை வரவில்லை.

6,500 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். இன்ஜின் எண்ணைப் பில்லில் எழுதி, விற்றவரிடம் கையெழுத்து வாங்கினோம். திருட்டு இன்ஜின் கைமாறினால் வாங்கியவரும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறணும். மானியத்தில் வாங்கிய மெஷின் என்றால், இன்ஜின் மாற்றும் முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெல்ட், ஆயில், புது பிளக், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 9,200 ஆனது. புது இன்ஜினுக்குக் கடையில் சொன்ன விலையில் பாதிகூட இல்லை. குழுச் சேமிப்பிலிருந்து உள்கடனாக எடுத்து, வாடகையில் கட்டுவதாகத் தீர்மானம் போட்டோம். மாட்டும் நாளில் எங்களில் நான்கு பேர் கூடவே நின்றோம். பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றிய பிறகுதான் கயிற்றைத் தொட விட்டோம். இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தோம். சென்சார் வயர் மாட்டியதை ஒவ்வொருவரும் குனிந்து பார்த்தோம்.

இப்போது நோட்டில் ஆயில் கட்டம் இருக்கிறது. மெஷினைச் சமதளத்தில் நிறுத்தி, ஆறியபின் குச்சியைத் துடைத்துப் பார்த்து எழுதினால்தான் சாவி கொடுப்பது. 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறோம். நோட்டு எழுதுவது அன்றைக்கு மூலையில் உட்கார்ந்திருந்த அதே சகோதரிதான். போன வாரம் வரப்புச் சரிவில் இன்ஜின் நின்றபோது, "அந்த வயரைப் பிடுங்கி விடும்மா, வேலை ஓடட்டும்" என்றார் காட்டுக்காரர். அவர் மெஷினைச் சமதளத்துக்குத் தள்ளிப்போய், ஆற வைத்து, ஆயில் பார்த்து, நூறு மில்லி ஊற்றி, அதை நோட்டில் எழுதிவிட்டுத்தான் கயிற்றை இழுத்தார்.