பழைய கால் திரும்பாது, ஆட்டம் திரும்பும்: காயத்திற்குப் பின் கிளே தாம்சன் காட்டிய வழி

கெப்பாலா பத்தாஸ் – வேலை முடிந்து வெயில் தாழ்ந்ததும் காலணியைத் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போகும் நாற்பது வயதுக்காரர்கள் நம் வட்டாரத்தில் நிறையவே இருக்கிறார்கள். பூப்பந்து, காற்பந்து, கூடைப்பந்து என்று விளையாட்டு மாறலாம். ஆனால் காயம் பட்டவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். “பின்னால இருந்து யாரோ குதிகால்ல உதைச்ச மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பார்த்தா யாருமே இல்ல.”

அதுதான் குதிகாலின் மேலுள்ள தசைநாண் அறுந்துபோவதன் அடையாளம். அதன் பிறகு பலர் இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிலர் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். சிலர் கால் ஆறியதும் பழையபடியே துள்ளிக் குதித்து ஆடப் போய், மறுபடியும் காயம் பட்டுக்கொள்கிறார்கள். மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுதான் ஆட்டத்தை மாற்றிக்கொள்வது. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் கிளே தாம்சன் கடந்து வந்த பாதை அதற்கு நல்ல பாடம்.

இரண்டு காயம், 941 நாள்

2019 ஜூன் 13. என்பிஏ இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்காக ஆடிய தாம்சன் அந்த ஆட்டத்தில் மொத்தம் 30 புள்ளிகள் எடுத்தார். மேலே எழும்பித் தரையிறங்கியபோது இடது முழங்காலின் ஏசிஎல் தசைநார் அறுந்தது. உடைமாற்றும் அறைப் பக்கம் அழைத்துச் செல்லப்பட்டவர் திரும்பி வந்து, தமக்குரிய இரண்டு தண்டனை எறிகளையும் போட்டுவிட்டுத்தான் வெளியேறினார்.

ஒரு பருவம் முழுக்க ஓய்வு. அடுத்த பருவம் தொடங்கவிருந்த 2020 நவம்பரில், பயிற்சி ஆட்டம் ஒன்றில் வலது குதிகால் தசைநாண் அறுந்தது. இன்னொரு பருவமும் போனது. மீண்டும் அவர் களமிறங்கியது 2022 ஜனவரி 9ஆம் தேதி. இடையில் 941 நாள்கள். போகும்போது வயது 29, திரும்பும்போது 32க்குச் சில வாரங்களே பாக்கி. அதே ஆண்டு ஜூன் மாதம் வாரியர்ஸ் அணி மீண்டும் சாம்பியன் ஆனது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் வெற்றிக் கதை. உண்மையான பாடம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

காலுக்குள் நடந்தது என்ன?

தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு இணைப்பது தசைநார். நாம் இரண்டையும் பொதுவாக ‘நரம்பு’ என்று சொல்லிவிடுகிறோம்.

கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண்தான் உடலிலேயே தடிமனானது, வலுவானது. அது வெறும் கயிறு அல்ல, சுருள்வில்லைப் போன்றது. கால் தரையில் ஊன்றும்போது இழுபட்டுச் சக்தியைச் சேர்த்து வைக்கிறது. எழும்பும்போது அந்தச் சக்தியைத் திருப்பித் தருகிறது. குதிப்பதும், நின்ற இடத்திலிருந்து சட்டென்று பாய்வதும் இந்தச் சுருள்வில்லின் வேலை.

குதிகால் எலும்புக்குச் சில சென்டிமீட்டர் மேலே உள்ள பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு. பெரும்பாலும் அங்கேதான் அறுகிறது. ஒட்டிய பிறகும் அந்தத் தசைநாண் முன்பிருந்ததைவிடச் சற்று நீண்டுபோவதுண்டு. சுருள்வில் தளர்ந்துவிட்டால் தெறிப்பு குறையும். கெண்டைக்கால் வலுவும் பல ஆண்டுகள் வரை முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

முழங்காலின் ஏசிஎல் செய்யும் வேலை வேறு. ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போது கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் பிடித்து வைப்பது அதுதான். அறுந்தால் உடம்பின் வேறு பகுதியிலிருந்து தசைநாண் எடுத்துப் பொருத்துவார்கள். விளையாடத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும்.

இளம் வயதில் உடல் இந்த இழப்புகளைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். பக்கத்து மாநிலமான கெடாவைச் சேர்ந்த ஸ்குவாஷ் வீராங்கனை எஸ். சிவசங்கரியை நினைத்துப் பாருங்கள். அவருடைய காயம் வேறு வகை. 2022 ஜூனில் கார் விபத்தில் படுகாயமடைந்து காமன்வெல்த் போட்டியைத் தவறவிட்டார். அப்போது அவருக்கு வயது 23. மறு ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். அந்த வயதில் மீண்டு வருவது என்றால் பழைய ஆட்டத்துக்கே திரும்பி, அதற்கும் மேலே போவது. முப்பதைத் தாண்டியவருக்குக் கணக்கு வேறு. காயமும் வயதும் சேர்ந்தே வேகத்தைக் குறைக்கின்றன. அவர் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

எது போனது, எது மிஞ்சியது?

காயத்திற்கு முன்பு தாம்சனுக்கு இரண்டு முகங்கள். ஒன்று, எதிரணியின் மிக வேகமான ஆட்டக்காரரை நிழல்போலத் துரத்தும் தற்காப்பு. 2019இல் என்பிஏவின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்கள் பட்டியலில் இரண்டாம் அணியில் இடம் பிடித்தவர் அவர். மற்றொன்று, தூரத்திலிருந்து கூடைக்குள் பந்தைப் போடும் திறன்.

முதல் முகத்துக்கு வேண்டியது கால். பக்கவாட்டில் நகர, சட்டென்று திரும்ப, மீண்டும் பாய அந்தச் சுருள்வில் வேண்டும். அது தளர்ந்துவிட்டது. திரும்பி வந்த பிறகு அந்தத் தற்காப்புப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. வேகமான இளைஞர்களைத் துரத்தும் வேலை மெல்ல மெல்ல மற்றவர்களிடம் போனது. உயரமான, அவ்வளவு வேகமில்லாத ஆட்டக்காரர்களைத் தடுக்கும் பொறுப்பு இவருக்கு அதிகமாக வந்தது.

இரண்டாவது முகம் வேறு மாதிரி. 2016 டிசம்பரில் இந்தியானா பேசர்ஸ் அணிக்கு எதிராக 29 நிமிடம் மட்டுமே ஆடி 60 புள்ளிகள் எடுத்தார் தாம்சன். அந்த ஆட்டம் முழுவதிலும் அவர் பந்தைத் தரையில் தட்டியது வெறும் 11 முறை. பந்து அவர் கையில் இருந்தது மொத்தமே சுமார் ஒன்றரை நிமிடம். சரியான இடத்தில் நிற்பது, பந்து வரும் முன்பே உடம்பைத் தயாராக வைப்பது, வந்ததும் எறிவது. இதுதான் அவருடைய அடிப்படை. இது கண்ணிலும் கையிலும் பழக்கத்திலும் இருக்கிறது. குதிகால் அறுந்தாலும் இது அறுவதில்லை.

அதனால்தான் இரண்டு பெரிய காயங்களுக்குப் பிறகு, 2022–23 பருவத்தில் அவர் 301 மூன்று புள்ளிக் கூடைகள் போட முடிந்தது. அந்தப் பருவத்தில் என்பிஏ முழுவதிலும் அதுதான் அதிகம்.

முன்பே காட்டியவர்கள்

இந்த வழியில் தாம்சன் முதல் ஆள் அல்ல. பறந்து கூடை போடுவதற்குப் பெயர் பெற்ற டொமினிக் வில்கின்ஸுக்கு 1992 ஜனவரியில், 32 வயதில் குதிகால் தசைநாண் அறுந்தது. அந்தக் காலத்தில் அது ஆட்ட வாழ்க்கைக்கே முடிவு என்று கருதப்பட்ட காயம். அடுத்த பருவத்தில் திரும்பி வந்து சராசரியாக ஆட்டத்துக்கு 29.9 புள்ளிகள் எடுத்தார். பறப்பதை மட்டும் நம்பாமல், தூரத்திலிருந்து எறிவதை அதிகப்படுத்தியதும் அதற்கு ஒரு காரணம்.

கெவின் டுரண்டுக்கு 2019 ஜூன் 10ஆம் தேதி, தாம்சனுக்கு மூன்று நாள் முன்பு, அதே இறுதிச் சுற்றில் வலது குதிகால் அறுந்தது. அவர் அவசரப்படவில்லை. ஒரு பருவத்தை முழுமையாக விட்டுவிட்டு 2020 டிசம்பரில்தான் திரும்பினார். உயரமும் நீண்ட கைகளும் கொண்டவர் என்பதால், எதிரி தலைக்கு மேலே எறியும் அவருடைய எறிக்குப் பெரிய பாய்ச்சல் தேவைப்படவில்லை. 2021இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வென்று தந்தவர்களில் அவர் முதன்மையானவர்.

கோபி பிரையண்டின் கதை எச்சரிக்கை. 2013 ஏப்ரல் 12ஆம் தேதி, 34 வயதில் அவருக்கு இடது குதிகால் அறுந்தது. அவரும் இரண்டு தண்டனை எறிகளைப் போட்டுவிட்டுத்தான் வெளியேறினார். எட்டே மாதத்தில், டிசம்பர் 8ஆம் தேதி களத்துக்குத் திரும்பினார். ஆறு ஆட்டம் ஆடியதும் இடது முழங்காலில் எலும்பு முறிவு. அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது. மன உறுதி எவ்வளவு இருந்தாலும் உடம்புக்கென்று ஒரு கணக்கு உண்டு.

வெளியே உட்கார்ந்த இரவு

தாம்சனுக்கு மிகக் கடினமான மாற்றம் காலில் இல்லை, மனத்தில் இருந்தது. 2024 பிப்ரவரி 15ஆம் தேதி, 34ஆவது பிறந்தநாள் முடிந்து ஒரு வாரத்தில், அவர் தொடக்க ஐவரில் இல்லை. மாற்று ஆட்டக்காரராக வெளியே உட்கார வேண்டியிருந்தது. 2012க்குப் பிறகு அவருக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. நான்கு முறை சாம்பியன் பட்டம் வென்றவர், புதிதாக வந்த இளைஞருக்கு இடம் விட்டார்.

அன்று இரவு யூட்டா அணிக்கு எதிராக அவர் எடுத்தது 35 புள்ளிகள். அந்தப் பருவத்தில் அதுவரை அவர் எடுத்த அதிகபட்சமும் அதுதான். குறைந்த நேரம், தேர்ந்தெடுத்த தருணம், தனக்குத் தெரிந்த வேலை. ‘நான்தான் முதலில் இறங்க வேண்டும்’ என்ற பிடிவாதத்தை விட்டதும் மிஞ்சிய திறமை முழுவதும் பயன்பட்டது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

குதிகால் தசைநாண் அறுவது முப்பது முதல் ஐம்பது வயதுக்குள் உள்ள ஆண்களுக்கு, அதிலும் வார நாளில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வார இறுதியில் மட்டும் ஓடுகிறவர்களுக்கு அதிகம். நீரிழிவு இருந்தால் தசைநாண் இறுகும், ஆறுவதும் தாமதமாகும். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு உள்ளது. காயத்தால் ஆட்டத்தை அடியோடு விட்டுவிட்டால் சர்க்கரையும் எடையும் ஏறும். ஆகவே இது வெறும் பொழுதுபோக்கு பற்றிய பேச்சு அல்ல. சிப்ரோஃப்ளோக்சாசின், லெவோஃப்ளோக்சாசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடும். அவற்றைச் சாப்பிடும் நாள்களில் குதிகால் வலித்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உதைபட்டதுபோல் உணர்ந்தால் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவி உருவிவிடாதீர்கள். குப்புறப் படுத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, இன்னொருவரைக் கெண்டைக்காலை அழுத்தச் சொல்லுங்கள். பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். இந்தச் சோதனைக்கும் தாம்சன் என்ற மருத்துவரின் பெயர்தான். ஆட்டக்காரருக்கும் அவருக்கும் தொடர்பில்லை. பாதம் அசைந்தாலும், நடக்கச் சிரமமாக இருந்தால் அன்றே அரசு கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ போங்கள். நாள் கடந்தால் அறுந்த முனைகள் விலகிப்போகும், சிகிச்சை கடினமாகும். அறுவைச் சிகிச்சை, காலணிபோன்ற கட்டு ஆகிய இரண்டு வழிகளும் உண்டு. எது ஏற்றது என்பதை மருத்துவர் சொல்வார். அதன் பிறகு பிசியோதெரப்பிப் பயிற்சியைப் பாதியில் விடாதீர்கள்.

திடலுக்குத் திரும்பும் நாளைக் காலண்டர் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காயம்பட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்திப் பாருங்கள். மற்றக் காலால் எத்தனை முறை, எவ்வளவு உயரம் முடிகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு இதிலும் முடிய வேண்டும். அதுவரை எறிந்து பழகலாம், ஓடி ஆட வேண்டாம்.

திரும்பியதும் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள். எம்பிக் குதித்து எறிவதற்குப் பதில் கால் தரையில் இருக்க எறியப் பழகுங்கள். அணியின் இளைஞரை வேகமான எதிரியிடம் அனுப்பிவிட்டு, நீங்கள் கூடைக்கு அருகே இடத்தைக் காத்து நில்லுங்கள். ஓடிப் பந்தை வாங்குவதைவிட, பந்து வரப்போகும் இடத்தில் முன்பே நிற்பது உங்கள் அனுபவத்துக்குத்தான் கைவரும். முழு நேரமும் ஆடாமல் ஐந்து நிமிடம் ஆடி, ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றுவதை விடாதீர்கள்.

வாரியர்ஸை விட்டு 2024இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணிக்குப் போன தாம்சன் அங்கும் தூரத்திலிருந்து எறிந்துகொண்டுதான் இருந்தார். 2019இல் ஓடிய அந்தக் கால் அவருக்குத் திரும்பவில்லை. அதற்காக அவர் ஆட்டத்தை விட்டுவிடவும் இல்லை. அடுத்த முறை திடலில் வெளியே உட்காரச் சொன்னால் முகம் சுளிக்காமல் உட்காருங்கள். உங்கள் முறை வரும்போது எழுந்து போய் ஆடுங்கள்.