அரசு லேப்டாப்புக்கு செகண்ட் இன்னிங்ஸ்!

பவர் பட்டனை அமுக்கிட்டு, கேன்டீன் போய் டீ குடிச்சு, நாலு பேரைக் கலாய்ச்சுட்டுத் திரும்பி வந்தாலும் ஸ்க்ரீன்ல அந்த வட்டம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கா? உங்க மடியில இருக்கறது அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படிச்சப்ப கிடைச்ச அரசு லேப்டாப்பா? அப்ப இந்தப் பக்கம் உங்களுக்குத்தான் பாஸ்!

2011 செப்டம்பர் 15. ஜெயலலிதா முதல்வரா இருந்தப்ப தொடங்கின திட்டம். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அடுத்த பத்து வருஷத்துக்குள்ள 50 லட்சத்துக்கும் மேல லேப்டாப் கைமாறுச்சு. தூத்துக்குடி பக்கம் கடலுக்கும் உப்பளத்துக்கும் போற எத்தனையோ வீடுகளுக்குள்ள முதன்முதலா நுழைஞ்ச கம்ப்யூட்டர் அதுதான். இப்ப அண்ணன் படிச்சு முடிச்சு கப்பல் ஏறியாச்சு, லேப்டாப் தம்பிக்கு வந்தாச்சு. தம்பியும் காலேஜ்ல சேர்ந்த ஒரே மாசத்துல, ‘ரொம்ப ஸ்லோப்பா, புதுசு வேணும்’னு ஆரம்பிச்சாச்சு. அப்பா தவணைக் கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அவரைக் கொஞ்சம் நிறுத்துங்க. அந்த லேப்டாப்புல முக்கால்வாசிக் குற்றத்துக்கு ஒரே ஒரு பார்ட்தான் காரணம். ஹார்ட் டிஸ்க்!

அது எப்படி வேலை செய்யுதுன்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்றது ஈஸி. இங்கே கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். ஆனா, சங்கு குளிக்கறது இன்னும் நடக்குது. மூச்சை அடக்கி உள்ளே போகணும், தேடணும், எடுக்கணும், மேல வரணும், மறுபடியும் முங்கணும். ஹார்ட் டிஸ்க்கும் அதே கதைதான். நிமிஷத்துக்கு 5,400 தடவை சுத்துற தட்டுக்கு மேல ஒரு முனை அங்கேயும் இங்கேயும் ஓடி ஃபைலைத் தேடுது. ஒவ்வொரு தேடலுக்கும் சுமார் 15 மில்லி செகண்ட். கேட்க கம்மியா இருக்கும். ஆனா, லேப்டாப் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல் வேணுமே! ஒரு முங்குக்கு ஒரு சங்குன்னா எப்ப கரையேற?

எஸ்.எஸ்.டி.யில சுத்தறதுக்கு எதுவுமே கிடையாது. எல்லாம் சிப்தான். தேடற நேரம் 0.1 மில்லி செகண்ட் அளவு. கடைக்காரர் ‘500 எம்.பி. ஸ்பீடு சார்’னு அட்டைப்பெட்டியைக் காட்டுவார். உங்க பழைய லேப்டாப் அந்த ஸ்பீடை முழுசா எட்டாமலே போகலாம், கவலை வேண்டாம். நிஜமான வித்தியாசம் அந்தத் தேடல்லதான். 2025-26 பட்ஜெட்டுல அறிவிச்ச புது லேப்டாப் திட்டத்துக்கு அரசே ஹார்ட் டிஸ்க்கை விட்டுட்டு எஸ்.எஸ்.டி.தான் கேட்டுச்சு.

கடைக்கு ஓடறதுக்கு முன்னாடி லேப்டாப்பைத் திறந்து பாருங்க. பழசுல இருக்கறது பெரும்பாலும் இரண்டரை இன்ச் சாட்டா வகை. அதுக்கு அதே அளவு சாட்டா எஸ்.எஸ்.டி.தான் பொருந்தும். சூயிங்கம் சைஸுல இருக்கற எம்.2 எஸ்.எஸ்.டி. கொஞ்சம் புது லேப்டாப்புக்கு. அதுலயும் சாட்டா, என்.வி.எம்.இ.ன்னு ரெண்டு ஜாதி. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணு வேலைக்கு ஆகாது. ஏ.ஐ. சர்வர்களுக்கு சிப் போறதால 2025 கடைசியில இருந்து விலை வேற எகிறிக்கிடக்கு. அதுக்காக ‘ரெண்டு டி.பி., அடிமாட்டு விலை’ன்னு ஆன்லைன்ல வர்ற பேர் தெரியாத பிராண்டு பக்கம் போயிடாதீங்க மக்கா. உள்ளே இல்லாத கொள்ளளவை இருக்கற மாதிரிக் காட்டற டூப்ளிகேட் அதுல நிறைய.

‘எழுதி எழுதியே எஸ்.எஸ்.டி. தேஞ்சிடுமாமே?’ன்னு ஹாஸ்டல்ல ஒருத்தன் கண்டிப்பா பயமுறுத்துவான். சாதாரண 240 ஜி.பி. மாடலுக்கே 80 டி.பி. வரைக்கும் எழுதலாம்னு கம்பெனி சொல்லுது. தினம் 20 ஜி.பி. எழுதினாலும் பத்து வருஷத்துக்கு மேல தாங்கும். அதுக்குள்ள நம்ம அரியர் எல்லாம் கிளியர் ஆயிடும்!

மாத்தறது அரை மணி நேர வேலை. சார்ஜரைப் பிடுங்குங்க, பேட்டரியைக் கழட்டுங்க. நம்ம ஏரியாவுல பிரச்னையே ஸ்க்ரூதான். உப்புக்காத்து சைக்கிள் செயினையே தின்னுடும், லேப்டாப்பை விடுமா? துருப்பிடிச்ச ஸ்க்ரூவுக்குச் சரியான சைஸ் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வேணும். வீட்டுல கெடக்கற பெருசை வெச்சுத் திருகினா தலை தேஞ்சு வழுக்கிடும். ஒரு தடவை திருகியும் வரலைன்னா சர்வீஸ் கடை அண்ணாச்சிகிட்ட கொடுத்துடறது கெளரவம். அடி மூடியை நெம்ப பழைய ஏ.டி.எம். கார்டு போதும். உள்ளே ஹார்ட் டிஸ்க்கைப் பிடிச்சிருக்கற தகர ஃபிரேமைத் தூக்கிப் போட்டுடாதீங்க, புதுசு உட்காரணுமே.

பழைய 500 ஜி.பி.யை அப்படியே புது 240 ஜி.பி.க்கு காப்பி பண்ண முடியுமான்னு கேட்பீங்க. குளோன்ஜில்லா மாதிரி இலவச சாஃப்ட்வேர் இருக்கு. ஆனா, பெருசுல இருந்து சின்னதுக்குப் போகும்போது முரண்டு பிடிக்கும். புதுசா இன்ஸ்டால் பண்றதுதான் என் கட்சி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவச சப்போர்ட்டை 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 இந்தப் பழைய பிராஸஸரைச் சேர்த்துக்காது. அதனால லினக்ஸ் மின்ட், உபுன்டு ஏதாவது ஒண்ணு போடுங்க. அரசு லேப்டாப்போட வந்த ‘பாஸ்’ லினக்ஸைத் திறந்துகூடப் பார்க்காத நமக்கு இது தண்டனையா என்னன்னு தெரியலை! ரேம் 2 ஜி.பி. மட்டும்னா அதையும் சேர்த்து ஏத்திடுங்க. இல்லைன்னா ப்ரவுசர்ல பத்து டேப் திறந்ததும் எஸ்.எஸ்.டி.யும் திணறும்.

சந்தோஷத்துல ஒரு விஷயத்தை மறந்துடாதீங்க. ஹார்ட் டிஸ்க் சாகறதுக்கு முன்னாடி பெரும்பாலும் கடகடன்னு சத்தம் போட்டுச் சொல்லும். எஸ்.எஸ்.டி. சொல்லாமக் கொள்ளாமப் போயிடும். டெலீட் பண்ணின ஃபைலை மீட்கறதும் அதுல கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால கழட்டின ஹார்ட் டிஸ்க்கை ஒரு யு.எஸ்.பி. கேஸ்ல போட்டு, ப்ராஜெக்ட், சர்ட்டிஃபிகேட் ஸ்கேன் எல்லாத்துக்கும் ஒரு காப்பி எடுத்து வைங்க. அதையும் லேப்டாப் இருக்கற அதே பீரோவுல வைக்காதீங்க. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டினப்ப, தரைத்தளத்துல இருந்த பீரோவும் மேஜையும் ஒண்ணாத்தான் முங்குச்சு. காப்பி சித்தி வீட்டு மாடியில இருக்கட்டும்.

லேப்டாப் நனைஞ்சா ‘ஓடுதா பார்ப்போம்’னு மட்டும் ஆன் பண்ணிடாதீங்க. கரன்ட் போகாத வரைக்கும் எஸ்.எஸ்.டி.யில இருக்கற டேட்டா தப்பிக்க வாய்ப்பு அதிகம். ஹார்ட் டிஸ்க்குல காத்துப் போக ஒரு குட்டித் துளை இருக்கும், முங்கினா அது வழியாத் தண்ணி உள்ளே போயிடும். பேட்டரியைக் கழட்டிட்டு நேரா கடைக்குக் கொண்டு போங்க. கடல் தண்ணின்னா அன்னைக்கே போங்க, உப்பு ராத்திரி முழுக்க வேலை செய்யும்.