மேடையில் கல்யாணம், வேனில் குடித்தனம்!

1974-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 20 ஆயிரம் பேர் திரண்டு இருந்தார்கள். மேடையிலேயே பாடகர் ஸ்லை ஸ்டோனுக்கு கல்யாணம். பாட்டு கேட்க டிக்கெட் வாங்கியவர்களுக்கு கல்யாணக் காட்சி இனாம்!

அதே ஸ்லை, 68 வயதில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு வேனில் குடியிருப்பதாக 2011-ல் பத்திரிகையில் செய்தி வந்தது. ரசிகர்கள் திடுக்கிட்டார்கள்.

ஏன் இந்த கதி?

கறுப்பரும் வெள்ளையரும்

இவருடைய இயற்பெயர் சில்வெஸ்டர் ஸ்டூவர்ட். சான்பிரான்சிஸ்கோ வானொலியில் இசைத்தட்டு போடும் வேலை பார்த்தார். கறுப்பர் பாட்டு, வெள்ளையர் பாட்டு என்று பிரித்துப் பார்க்க மாட்டார்.

1966-ல் "ஸ்லை அண்ட் த பேமிலி ஸ்டோன்" குழுவைத் தொடங்கினார். தம்பிக்கு கிட்டார். பின்னால் வந்து சேர்ந்த தங்கைக்கு பியானோ. டிரம்பெட் ஊதியது சிந்தியா ராபின்சன் என்ற பெண். டிரம்சும், சாக்சபோனும் வெள்ளையர் கையில்!

நிறக்கலவரத்தில் அமெரிக்க நகரங்கள் பற்றி எரிந்த காலம் அது. இவர்களோ ஒரே மேடையில் தோளோடு தோள் நின்றார்கள். தேவாலயப் பாட்டு, ராக், ஜாஸ் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறினார்கள். தாளத்துக்கு முதலிடம் தரும் "ஃபங்க்" இசை இவர்களால் ஊரெங்கும் பரவியது.

கட்டை விரல் வித்தை

"பேஸ்" கிட்டார் வாசித்தவர் லாரி கிரகாம். முன்பு அம்மாவோடு கச்சேரி செய்தபோது டிரம்ஸ் அடிக்க ஆள் இல்லை. என்ன செய்வது? கட்டை விரலால் தந்தியை அடித்தார்; இன்னொரு விரலால் சுண்டினார். தந்தியே டிரம்ஸ் ஆகிவிட்டது! இந்த வித்தையை பிறகு உலகமே பிடித்துக் கொண்டது.

1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசை விழா. விடியற்காலை சுமார் 3½ மணிக்குத்தான் இவர்கள் மேடை ஏறினார்கள். தூங்கி வழிந்த கூட்டம் எழுந்து ஆடியது.

போதை செய்த வேலை

புகழோடு போதைப் பழக்கமும் வந்தது. கச்சேரிக்கு ஜனங்கள் காத்திருப்பார்கள், ஸ்லை வரமாட்டார். குழுவில் ஒவ்வொருவராகக் கழன்று கொண்டார்கள். 1975-ல் குழுவே கலைந்தது.

2019-ல் டாக்டர் கண்டித்த பிறகுதான் போதையை விட்டார். 2025 ஜூன் 9-ந் தேதி, 82 வயதில் காலமானார்.

மைல்ஸ் டேவிஸ் முதல் பிரின்ஸ் வரை இவர் வழியில் பாடம் கற்ற இசைக்கலைஞர்கள் ஏராளம். ஹெர்பி ஹான்காக் 1973-ல் தன் இசை ஒன்றுக்கு "ஸ்லை" என்றே பெயர் வைத்தார்.

ஊரையே சேர்த்து ஆட வைத்த மனுஷனுக்கு, தன் குழுவைச் சேர்த்து வைக்க முடியவில்லையே!